உங்கள் தங்கையின் மெழுகுவர்த்தியும் என் தெர்மாமீட்டரும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம் பல. அவ்விடம் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உங்கள் முழங்கால் வலி மாடிப்படி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்க வேண்டும், பிள்ளைகள் அவரவர் வேலையில் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இவ்விடம் நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிப் பார்த்தேன், பார்க்கவே பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். என் நலத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாளைப் பகல் பன்னிரண்டு மணி ரயிலில் உங்கள் தங்கை வந்து இறங்குவாள். கையில் நீலப் பெட்டி இருக்கும். முகம் எப்படி இருக்கும் என்று கூடப் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பற்றி அவள் சொல்லப்போவதில் பெரும்பகுதி உண்மையாகத்தான் இருக்கும். மிச்சப் பகுதிக்காகத்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை பத்து மணிக்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். ஆக, என் தரப்பைச் சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் முப்பது வருஷமாக வக்கீல், மச்சான். போனில் நான் "அதாவது" என்று ஆரம்பித்தாலே "அதாவது என்றால் என்ன அர்த்தம்" என்று கேட்டு நிறுத்திவிடுவீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முப்பத்து நான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன், திடீரென்று ஒரு நாற்காலியில் உட்கார் என்றால் எப்படி உட்காருவான். கல்யாணமான மூன்றாம் மாதமே உங்கள் அப்பாவிடம் டிக்கெட் கேட்டவன் நான். அவர் பாவம் எல்லாப் பையையும் தடவிக்கொண்டிருக்க, கடைசியில் அது மூக்குக் கண்ணாடி உறைக்குள்ளிருந்து வந்தது, அதற்குள் அந்தப் பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டது. அப்படிப்பட்ட கை வீட்டில் சும்மா இருக்குமா. குளிர்பெட்டியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தேன். பால் பாக்கெட்டில் தேதி பார்த்தேன். உங்கள் தங்கை பின்னறையில் தேன்மெழுகு உருக்கி மெழுகுவர்த்தி வார்க்கும்போது பக்கத்தில் நின்று "இது ஏன், அது ஏன்" என்று கேட்டேன். பதினோரு வருஷமாகத் தனியாக அந்தத் தொழிலை நடத்துகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெரியவர்களுக்கான அடிப்படை வேதியியல் வகுப்பு, பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில், வாரத்துக்கு இரண்டு மாலை.

"எனக்கு எதுக்கு வேதியியல்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இல்லங்க, எனக்காக. நீங்க ரெண்டு சாயங்காலம் அங்க போனா நான் ரெண்டு சாயங்காலம் நிம்மதியா வேலை செய்வேன்."

ஆகவே மச்சான், இந்த வழக்கில் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பியது உங்கள் தங்கைதான் என்பதை முதல் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

டீச்சர் சின்னப் பெண். நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் ஆய்வுக்கூடத்தில் குழாய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்காது. ஒரு நாள் பாடம், ஒரு பொருள் சுத்தமானதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அந்துருண்டையைப் பொடி செய்து, ஊசிபோல் மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சிட்டிகை போட்டார். குழாயைத் தெர்மாமீட்டரோடு ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பீக்கர் தண்ணீரில் இறக்கி, கீழே விளக்கை வைத்து மெதுவாகச் சூடாக்கினார். நாங்கள் பதினான்கு பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்தோம். எழுபது, எழுபத்தைந்து, பொடி அப்படியே வெள்ளையாக நிற்கிறது. எண்பது தொட்டதும் ஒரே அடியாகக் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. பிறகு அதே பொடியில் வேறு எதையோ கொஞ்சம் கலந்து இன்னொரு குழாயில் போட்டார். அது எழுபதிலேயே வேர்க்க ஆரம்பித்தது. ஓரத்தில் இளகியது, நடுவில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, இழுத்துக்கொண்டே போய் ஒரு வழியாக உருகி முடித்தது.

"சுத்தமான பொருள் ஒரே இடத்துல டக்குன்னு உருகும். கலந்திருந்தா கீழயே இளக ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போகும்" என்றார் டீச்சர்.

மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது நான் முப்பத்து நான்கு வருஷம் பார்த்த காட்சி. டிக்கெட் வைத்திருப்பவன் நான் பக்கத்தில் வந்து நின்றதும் டக்கென்று எடுத்து நீட்டுவான். இல்லாதவன் நான் இரண்டு வரிசை தள்ளி வரும்போதே இளக ஆரம்பிப்பான். பையைத் திறப்பான், மூடுவான், ஜன்னலைப் பார்ப்பான், இது எந்த ஊர் என்று கேட்பான். இதை எழுந்து நின்று சொன்னேன். டீச்சர் சிரித்து, "இதவிட நல்லா நானே சொல்லியிருக்க மாட்டேன் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

மறுநாளே தெர்மாமீட்டர், கண்ணாடிக் குழாய்கள், பீக்கர், ஸ்பிரிட் விளக்கு, வடிதாள் எல்லாம் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் பரப்பினேன். முதலில் குழாய்த் தண்ணீர். ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி முழுக்க ஆவியாகும்வரை காய்ச்சினேன். அடியில் வெள்ளையாக ஒரு வளையம். சுத்தமான தண்ணீராக இருந்தால் தட்டில் எதுவும் மிஞ்சக் கூடாது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா. எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டினேன்: "இக்கட்டடத்துக் குழாயில் வருவது தூய நீர் அன்று. பரிசோதித்து அறியப்பட்டது." அவ்வளவுதான் எழுதினேன், ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. மாலைக்குள் ஆறு மாடியும் பாட்டில் தண்ணீர் தூக்க ஆரம்பித்துவிட்டது. சரி, பாட்டில் தண்ணீரையும் பார்த்துவிடுவோம் என்று காய்ச்சினேன். அதிலும் வளையம். இரண்டாவது அறிவிப்பு ஒட்டினேன். அதற்குப் பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரில் வந்தார்.

"சார், குழாய்த் தண்ணியும் கூடாது, பாட்டில் தண்ணியும் கூடாதுன்னா நாங்க என்னதான் குடிக்கிறது?"

"கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? தூய நீர் இல்லன்னுதான் சொன்னேன். தூய நீர் வேணும்னா காய்ச்சி வடிச்ச தண்ணி இருக்கு."

"அது எங்க கிடைக்கும்?"

"பேட்டரிக் கடையில."

அவர் லிஃப்டிலிருந்த இரண்டு அறிவிப்புகளையும் கிழித்து வந்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, போகிற போக்கில் புகார்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். பதிவேட்டின் மேலே "கறுப்பு மையில் மட்டும் கையொப்பமிடவும்" என்று இருந்தது. அந்தக் கறுப்புப் பேனாவைக் கொஞ்சம் இரவல் வாங்கினேன். வடிதாளில் ஒரு பொட்டு வைத்து, அடி ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து நிறுத்தினேன். தண்ணீர் மேலே ஏற ஏற, அந்தக் கறுப்புப் பொட்டு தன் வேஷத்தைக் கலைக்க ஆரம்பித்தது. கீழே ஊதா, நடுவில் நீலம், உச்சியில் ஒரு மஞ்சள். கறுப்பு எங்குமே இல்லை. "பாருங்க, இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் யாரும் கறுப்பு மையில கையெழுத்தே போடல" என்று காட்டினேன். செயலாளர் பேனாவைக்கூட வாங்கிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார். லிஃப்டுக்காகவும் நிற்கவில்லை.

இதையெல்லாம் உங்கள் தங்கை பொறுத்துக்கொண்டாள், மச்சான். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த வடிதாளை வெளிச்சத்தில் பிடித்து, "ரொம்ப அழகா இருக்குங்க, டப்பாவுக்கு இந்த மாதிரி ஒரு காகிதம் கிடைச்சா நல்லா இருக்கும்" என்றாள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் எழுந்து பின்னறைக்குப் போனதும் என் பார்வையும் பின்னாலேயே போயிற்று. அங்கே அலமாரி முழுக்க மெழுகுவர்த்தி டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்திலேயே அச்சிட்ட சீட்டு: "சுத்தமான தேன்மெழுகு."

அந்த முதல் வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவள் கடைக்குப் போயிருந்தபோது ஒரு மெழுகுவர்த்தியின் அடியிலிருந்து நகக்கண் அளவு சுரண்டி எடுத்துக் குழாயில் அடைத்துச் சூடாக்கினேன். அறுபத்து மூன்றில் இளக ஆரம்பித்தது, அறுபத்தைந்தில் உருகி முடிந்தது. இடையில் இரண்டு டிகிரி. டக்கென்று உருகவில்லை. இழுத்தது. விளக்கை இன்னும் தள்ளிவைத்து நிதானமாக மறுபடி செய்தேன். அதே இரண்டு டிகிரி. மூன்றாவது தடவையும் அதேதான். என் வீட்டிலேயே, என் மனைவியின் அலமாரியிலேயே இப்படி என்றால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். உங்கள் அப்பாவைப் பார்த்தே அபராத ரசீதுப் புத்தகத்தைத் திறந்த கை இது. ஆனால் அவளிடம் தனியாகச் சொல்ல வாய் வரவில்லை. நாலு நாள் அப்படியே மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன். அந்த நாலு நாளில் ஒரு நாள் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

வியாழக்கிழமை பகலில் அலங்காரப் பொருள் கடை நடத்தும் அம்மாள் வந்தார். கடைத்தெருவில் மூன்று கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கடை. புதிதாகத் திறக்கும் இரண்டாவது கடைக்காக முந்நூறு மெழுகுவர்த்தி வேண்டுமாம். உங்கள் தங்கைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை நாளும் இருபது, முப்பது என்றுதான் கொடுத்து வந்தாள். காலையிலிருந்து வீட்டை மூன்று தடவை பெருக்கினாள். என் கருவிகளையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அவங்க போற வரைக்கும் நீங்க இந்த ரூமைவிட்டு வராதீங்க, நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றாள். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாள் மெழுகுவர்த்தியை முகர்ந்து பார்த்து, "வாசனையே தனியா இருக்கு" என்கிறார். உங்கள் தங்கை தேனீ வளர்ப்பவரைப் பற்றி, மெழுகை மூன்று தடவை வடிகட்டுவதைப் பற்றியெல்லாம் சொல்கிறாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அப்போது அந்த அம்மாள் கேட்டார்.

"இது நூத்துக்கு நூறு சுத்தம்தானே?"

மச்சான், ரயிலில் யாராவது "டிக்கெட் இருக்கு, இருக்கு" என்று சத்தமாகச் சொன்னால் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அது பழக்கதோஷம். எப்படி எழுந்தேன், எப்படிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன் என்பதே தெரியாது. பார்த்தால் கூடத்தின் நடுவில் தெர்மாமீட்டரோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"என்னங்க, அதை உள்ள வைங்க" என்றாள் உங்கள் தங்கை, உதடு அசையாமல்.

"இவர் யாரு?" என்று கேட்டார் அம்மாள்.

"என் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள் அவள், எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பதுபோல.

"இது வேதியியல் கணக்குப்படி சுத்தம் இல்லைங்க. மூணு தடவை பார்த்துட்டேன்" என்றேன். சொன்னதோடு விட்டேனா, விளக்கை ஏற்றி அங்கேயே செய்தும் காட்டினேன். கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு மூன்று பேரும் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அறுபத்து மூன்று, அறுபத்தைந்து. அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று எழுந்தார். மேசையில் வைத்த டீயை அவர் தொடவேயில்லை. ஏனென்றால் மெழுகு சூடாகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று தண்ணீர் வளையத்தையும் சொல்லிவிட்டிருந்தேன்.

கதவு சாத்திய பிறகு அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. டீயை எடுத்துப்போய்ச் சமையலறையில் கொட்டிவிட்டு வந்தாள். "அந்த மெழுகுல நான் என்ன கலந்தேன்னு சொல்லுங்க" என்று கேட்டாள்.

"அது தெரியல. ஏதோ ஒண்ணு."

"அப்ப பதினோரு வருஷமா நான் ஊரை ஏமாத்தறேன்."

"நான் அப்படிச் சொல்லல. தெர்மாமீட்டர் சொல்லுது."

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்த்தபோது, அலமாரியில் இருந்த எல்லா டப்பாக்களையும் சீட்டு ஒட்டிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தாள். நூற்றுக்கு மேல் டப்பா. ஒவ்வொன்றாகத் திருப்பியிருக்கிறாள். நான் பிடித்தது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா என்று இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தேன்மெழுகா சார்? ஐயையோ. அது எப்படி ஒரே இடத்துல உருகும்? தேன்மெழுகு ஒரே பொருளே இல்லையே. தேனீ உண்டாக்கறப்பவே அது பல பொருள் சேர்ந்த கலவைதான்."

"அப்ப தேனீதான் கலப்படம் பண்ணுதா?"

"யாரும் பண்ணல சார்" என்று டஸ்டரைக் கீழே வைத்தார். "கடையில சுத்தம்னு எழுதினா, வெளியிலேர்ந்து எதையும் சேர்க்கலன்னு அர்த்தம். இங்க நாம சுத்தம்னு சொன்னா, ஒரே பொருள் மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம். ஒரே வார்த்தை, ரெண்டு இடத்துல வேலை பாக்குது. பால், தேன், நாம குடிக்கிற தண்ணி எல்லாம் அப்படித்தான். குடிக்க நல்லது, ஆனா வேதியியலுக்குச் சுத்தம் இல்ல. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சரி, உங்களுக்கு எத்தனை டிகிரி வந்துது?"

சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அறுபத்திரண்டுலேர்ந்து அறுபத்தஞ்சு. நல்ல தேன்மெழுகு உருக வேண்டிய இடமே அதுதான். சாதா மெழுகைக் கலந்திருந்தா அம்பத்தி சொச்சத்துலயே இளகியிருக்கும். உங்க வீட்டம்மா எதையும் கலக்கலன்னு நீங்களே மூணு தடவை நிரூபிச்சிருக்கீங்க சார்."

அன்றைக்கு வகுப்பில் உட்காரவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடையும் ஓட்டமுமாக வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். வரிசையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஓடி வந்த வேகத்தில் முதலில் வாயில் வந்தது இதுதான்: "உன் மேல தப்பே இல்ல. தேனீ மேலதான்."

உள்ளே விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது. மேற்கொண்டு நான் சொன்னது எதுவும் காதில் விழுந்ததா என்று தெரியாது.

இன்று காலை எழுந்ததும் ஒரே முடிவாகக் கிளம்பினேன். கெடுத்தது எங்கேயோ அங்கேயே சரிசெய்ய வேண்டும் என்று விளக்கு, பீக்கர், தெர்மாமீட்டர், உங்கள் தங்கையின் மெழுகுவர்த்தி ஒன்று, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அம்மாள் என்னைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "அம்மா, நான் சொன்னது தப்பு. தப்புன்னு செஞ்சு காட்டிட்டுப் போயிடறேன், பத்து நிமிஷம் குடுங்க" என்றேன். கல்லா மேசையிலேயே விளக்கை ஏற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டுமே என்று அவர் கடை அலமாரியிலிருந்தே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தேன். அதிலும் "சுத்தமான தேன்மெழுகு" என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு குழாய், ஒரே தெர்மாமீட்டர். பூச்சாடி வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஐம்பத்து நான்கிலேயே அந்தப் பொன் எழுத்து மெழுகு இளக ஆரம்பித்துவிட்டது. அறுபதுக்குள் முழுக்க ஓடிவிட்டது. உங்கள் தங்கையின் மெழுகு பக்கத்திலேயே மஞ்சளாக, அசையாமல் நிற்கிறது. அறுபத்து மூன்றுக்குப் பிறகுதான் மெல்ல அசைந்து கொடுத்தது. பூச்சாடிக்காரர்களில் ஒருவர் கைதட்டினார்.

"இதை மூணு தடவை வடிகட்டுறாங்க, அவங்களே, கையால" என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். "பதினோரு வருஷமா பக்கத்துலயே இருந்து பார்த்துட்டு, ஒரு கண்ணாடிக் குழாயை நம்பி நான் அவங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

அம்மாள் அந்தப் பொன் எழுத்து மெழுகுவர்த்திகள் இருந்த தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முந்நூறு வேணாம். ஐந்நூறாவே குடுத்துடச் சொல்லுங்க. ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கம்மா."

"நீங்க இனிமே இந்தக் கடைக்குள்ள வரக் கூடாது. இன்னும் நிறைய சாமான் இருக்கு இங்க."

பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன், மச்சான். லிஃப்டில் செயலாளரைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னேன். வீட்டைத் திறந்தால் ஆள் இல்லை. பின்னறையிலும் இல்லை. பீரோ மேல் இருந்த நீலப் பெட்டியைக் காணோம். எதிர் வீட்டுப் பாட்டு டீச்சரைக் கேட்டேன். "பெட்டியோட பஸ்ல ஏறினதைப் பார்த்தேன். ரயில் நிலையம் போற பஸ்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து "எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவள் சொல்லாத வருஷம் இல்லை. இந்தத் தடவை போயே விட்டாள். போனை எடுக்கவும் இல்லை.

ஆகவே மச்சான் அவர்களே, அவள் வந்து இறங்கியதும் உட்கார வைத்து, நல்ல டீயாகப் போட்டுக்கொடுத்து, தண்ணீரைப் பற்றி எதுவும் பேசாமல், மூன்று விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். அவளுடைய மெழுகு அறுபத்து மூன்றிலிருந்து அறுபத்தைந்துக்குள் உருகுகிறது, அது சுத்தம். ஐந்நூறுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மூன்றாவது, அந்த டப்பாக்களையெல்லாம் நானே மறுபடி ஒவ்வொன்றாக எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் திருப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளுக்கும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே செய்தேன். அவள் எப்போது வரச் சொல்கிறாளோ அப்போது நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். டிக்கெட்டோடுதான் வருவேன்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எதைப் படித்தாலும் பாடத்தை முழுக்கக் கேட்டுவிட்டு வகுப்பைவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலும் உங்கள் மனசும் என்னிடம் கொஞ்சம் இளகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கைப்பிடித்தும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கை வந்துவிட்டாள். நீலப் பெட்டி நிறைய மெழுகுவர்த்தியும் இரண்டு மெழுகுக் கட்டியும். காலையில் அவள் போனது உங்கள் வீட்டுக்கு இல்லை, டீச்சரிடம். ரயில் நிலையம் போகும் பஸ்தான் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. கதவுக்குப் பின்னால் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாளாம். "உங்களை நம்பி ஒரு முடிவுக்கு வரமுடியலங்க, அதான் நேர்ல போய்க் கேட்டேன்" என்கிறாள். சனிக்கிழமைக் காலையில் நடக்கும் இன்னொரு வகுப்பில் சேர்ந்தும்விட்டாள். மெழுகைக் கண்ணால் பார்த்தே எத்தனை டிகிரியில் இளகும் என்று அவள் சொல்லச் சொல்ல, டீச்சர் அவளை முன்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாராம். ஐந்நூறு என்றதும் "யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்று கடைக்கே போன் செய்து மறுபடி முந்நூறாக ஆக்கிவிட்டாள். இப்போது என் தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் ஐஸுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உருகும் ஐஸில் பூஜ்ஜியம் காட்ட வேண்டுமாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் தெர்மாமீட்டரையும் நம்ப வேண்டுமாம், முதல் பாடமே அதுதானாம். முதல் பாடம் நடந்த அன்று நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பத்து நிமிஷமாக அது ஒன்றிலேயே நிற்கிறது. கடிதம் முழுவதையும் அவள் படித்துவிட்டாள். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அனுப்புங்க, அண்ணன் சிரிச்சு நாளாச்சு" என்றாள். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், மறுபடி எழுத நேரமில்லை. எனவே நாளை யாரும் ரயில் நிலையத்துக்கு வர வேண்டாம். மேலே கண்ட டிகிரிகளில் என் தெர்மாமீட்டர் சொன்னவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துப் படிக்கவும். எவை என் தெர்மாமீட்டருடையவை, எவை டீச்சருடையவை என்று எனக்கே இப்போது குழம்புகிறது. சந்தேகம் வந்தால், மச்சான், எல்லா எண்ணிலும் கழித்துவிடுங்கள்.